அம்மாவை நம்ப வைத்த பேச்சு

நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூட மேடையில் ஒரு தடவையாவது தொண்டையைச் செருமிக்கொண்டு, “அவையில் வீற்றிருக்கும் ஆன்றோர்களே, சான்றோர்களே” என்று ஆரம்பித்திருப்போம். வீற்றிருந்த ஆன்றோர்கள் யார்? சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டிருந்த ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவு. இருந்தாலும் கூசாமல் அப்படித்தான் கூப்பிட்டோம். முப்பது தாண்டிய இந்த வயதில், முன்னந்தலை நரையை மறைக்க மருதாணி குழைக்கிற கூட்டமாகிவிட்டோம். இப்போது நினைத்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வரும், ஆனால் பாதியில் நின்றுவிடும். ஏன் என்று சொல்கிறேன்.

சுனாமி வந்து போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் எட்டாம் வகுப்பு. கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் எங்களுக்கு வாடகை வீடு. அப்பாவுக்கு மஞ்சக்குப்பம் கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற வேலை. வழக்கு எடுத்ததும் வாசலுக்கு வந்து, வாதி பிரதிவாதி சாட்சி என்று ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை நீட்டிக் கூப்பிடுவார். வராண்டா தாண்டி, மரத்தடி தாண்டி, டீக்கடையில் வடை தின்றுகொண்டிருக்கிற ஆளுக்கும் கேட்கும். அத்தனை குரலையும் கோர்ட்டிலேயே செலவழித்துவிட்டு வருகிற மனுஷர், வீட்டில் ‘ம்’ என்ற ஒன்றை வைத்துக்கொண்டே குடும்பம் நடத்தினார்.

அம்மா இட்லி மாவு அரைத்து விற்றாள். சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சலில் அவளுக்கு இதய வால்வு கெட்டுப்போயிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இடுப்பில் ஒரு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்ட பிறகு இரண்டு நாள் காலை இழுத்து இழுத்து நடப்பாள். கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கிரைண்டர் கல்லைத் தூக்கி வைப்பது மட்டும் அப்பாவின் வேலை. காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பும் முன்பும், சாயங்காலம் சைக்கிளை நிறுத்தியதும், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நிற்பார். அவர் கல்லைத் தூக்குவார், அவள் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு.

அந்த ஆவணியில் கண் தானம் பற்றிப் பேச்சுப் போட்டி வந்தது. முதலில் பள்ளியில், பிறகு கடலூரில், கடைசியாகச் சிதம்பரத்தில். எங்கள் தமிழ் டீச்சர் மூன்று பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். எந்த வரியில் கையை நீட்ட வேண்டும், எந்த வரியில் குரலை உடைக்க வேண்டும் என்பதற்கெல்லாம் ஓரத்தில் பச்சை மையில் குறி போட்டிருந்தார். இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன். மனப்பாடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பேசிப் பழக எனக்குக் கிடைத்த அவை அம்மா ஒருத்திதான். நான் சமையலறை வாசலில் நிற்பேன், அவள் கிரைண்டர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். கிரைண்டர் ஓடிக்கொண்டேயிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேல் என் குரல் கேட்க வேண்டும். உளுந்து நுரைத்துப் பொங்குகிற வாசனையும், ரப்பர் பெல்ட் சூடேறுகிற நாற்றமும் இப்போதும் எங்காவது சேர்ந்து வந்தால் என் வாய் தானாக ‘ஆன்றோர்களே’ என்று அசையும்.

“தீயிடம் கொடுத்தால் சாம்பல்! தேடுபவரிடம் கொடுத்தால் விடியல்!” என்று ஒரு நாள் கையை உயர்த்தினேன்.

அம்மா சுவிட்சை அணைத்தாள். “யாரு தேடறாங்க?”

“கண்ணு தெரியாதவங்க.”

“அவுங்க என்னாத்த தேடறாங்க? உன்னையும் என்னையுமா?”

“ம்மா, அது கவிதைம்மா. டீச்சர் எழுதினது.”

“அப்பிடியா? சரி சரி. கைய எறக்கு, டியூப்லைட்ட ஒடைச்சிடப் போற.”

சுவிட்சைப் போட்டுவிட்டு மாவுக் கை புடவையில் படாமல் கையைக் கட்டிக்கொண்டாள். நம்பவில்லை என்று அர்த்தம். காய்கறி வண்டிக்காரர் ‘இன்னிக்குப் பறிச்சதும்மா’ என்று சொல்லும்போதும் இதே மாதிரிதான் கட்டிக்கொள்வாள்.

பள்ளியில் எனக்கு முதல் பரிசு. கடலூரிலும் முதல் பரிசு. கைதட்டல் அடங்க நேரமானது, முன் வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நடுவர் எழுந்து வந்து கை கொடுத்தார். வீட்டுக்கு ஓடி வந்து எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

“அழுதாங்கல்ல, அந்தம்மா குடுக்கறேன்னாங்களா?”

“என்ன குடுக்கறது?”

“கண்ணத்தாண்டி. அதுக்குத்தான பேசின?”

எனக்கு அந்த யோசனையே வந்ததில்லை. பரிசுக்காகப் பேசினேன். அந்த அம்மாளும் அழுகைக்காக அழுதிருப்பார். இதை அம்மாவிடம் ஒத்துக்கொள்ள மனமில்லாமல், “நீ மட்டும் குடுத்துடுவியா?” என்று மடக்கினேன்.

“நான் குடுக்க மாட்டேன். எனக்கு நம்பிக்கை வரல. நீ வேணா என்ன நம்ப வெச்சிப் பாரு.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வழக்கு ஆரம்பமானது. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அடுத்த பிறவியில் கண் இல்லாமல் பிறந்தால்? டீச்சரிடம் கேட்டுவந்து பதில் சொன்னேன். “உங்க டீச்சர் செத்துப் பார்த்துட்டு வந்தாங்களா?” என்று கேட்டாள். முகம் பள்ளமாகிவிடாதா, கடைசியாகப் பார்க்க வருகிறவர்கள் பயந்துவிட மாட்டார்களா? கண் டாக்டர் பள்ளிக்கு வந்திருந்தபோது சொன்னதைச் சொன்னேன்: முழுக் கண்ணும் போனதாகவே தெரியாது, இமை மூடியபடி தூங்குகிற மாதிரிதான் இருக்கும், மேலே இருக்கிற மெல்லிய ஏடு மாதிரி ஒன்றுதான் அடுத்தவருக்குப் போகும். இதற்கு மட்டும் ‘ஓ’ என்றாள். ஆனாலும் கை கட்டியபடிதான் இருந்தது.

ஊசி போட்டுக்கொண்ட ஒரு நாள். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து நடந்து வந்தாள். நல்ல வெயில். ஒரு வேப்ப மரத்தடியில் நின்றாள். யாரும் பக்கத்தில் இல்லையென்று பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: “எடுக்கறப்ப வலிக்குமா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “செத்தப்புறம் எப்படிம்மா வலிக்கும்?”

“அது தெரியும். இருந்தாலும் வலிக்குமா?”

இத்தனை நாள் கேட்டதெல்லாம் சும்மா, இதுதான் அவள் கேள்வி என்று எனக்குப் புரிந்தது. மறுநாள் டீச்சரிடம் சொன்னேன், இதையும் பேச்சில் சேர்க்கலாமா என்று கேட்டேன். “சின்னப்புள்ளத்தனமா எதையாவது பேசி மார்க்க கொறச்சிக்காத. எழுதிக் குடுத்தத மட்டும் பேசு” என்றார்.

சிதம்பரத்துக்கு அம்மாவும் வந்தாள். மாவுக் கடையை ஒரு நாள் மூடியது அதுதான் முதல் தடவை. கீழவீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மேலே ஃபேன்கள் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. நடுவர் மேசையில் ஒரு பித்தளை மணி. ஒரு அடி அடித்தால் முடிக்கத் தயாராக வேண்டும், இரண்டு அடி அடித்தால் இறங்கிவிட வேண்டும். என் பெயரைக் கூப்பிட்டார்கள். நன்றாகத்தான் ஆரம்பித்தேன். சாம்பல், விடியல் எல்லாம் வந்தது. கடைசி வரிசையைப் பார்த்தேன். அம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வரி மறந்துபோனது.

ஓரத்தில் டீச்சர் வாயசைத்து எடுத்துக் கொடுக்கிறார், எனக்குத் தெரியவில்லை. நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினேன். “எடுக்கறப்ப வலிக்குமான்னு ஒருத்தவங்க கேட்டாங்க. அவுங்க மூணு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கறவங்க. வலின்னா என்னன்னு அவுங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஆனா இது வலிக்காது. வலிக்கறதெல்லாம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சி போயிருக்கும். அப்புறம் வலிக்காதும்மா.”

மணி அடித்தது. ‘நன்றி, வணக்கம்’ கூடச் சொல்லாமல் இறங்கிவிட்டேன். கைதட்டல் சுமாராகத்தான் வந்தது. அம்மா கட்டிய கையைப் பிரித்து மடியில் வைத்திருந்தாள்.

எனக்கு ஆறுதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். டீச்சர் பஸ் ஏறும் வரை என்னோடு பேசவில்லை. அம்மா என்னை ஒரு ஓட்டலுக்கு அழைத்துப்போய் இட்லியும் கொத்சுவும் வாங்கித் தந்தாள். கத்திரிக்காய் கொத்சுவை வழித்து வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இட்லியை மட்டும் விரலால் அமுக்கிப் பார்த்து, “உளுந்து பத்தல” என்றாள். நான் சாப்பிடவில்லை. தோற்றுப்போன ஆத்திரம்.

பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியபோது அம்மா, “சரி” என்றாள்.

“என்ன சரி?”

“எடுத்துக்கச் சொல்லு. எனக்கு ஒண்ணு ஆச்சின்னா.”

நான் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் காற்றில் முடி முகத்தில் விழ, ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். “யாருக்கு வெக்கறாங்கன்னு சொல்லுவாங்களா?” என்று கேட்டாள்.

“சொல்ல மாட்டாங்களாம்.”

“அதுவும் நல்லதுதான். பஸ்ஸுல கிஸ்ஸுல யாராவது உன்ன மொறச்சிப் பார்த்தா நான்தான்னு நெனச்சிக்க. படிக்காம ஊர் சுத்திட்டிருந்தா மொறைப்பேன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். “அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றாள். போட்டியில் கொடுத்த கண் வங்கிக் கார்டை மாவு அலமாரியில் சாமி படத்துக்குக் கீழே குத்தி வைத்தாள். டிபன் பாக்ஸ் மூடியை மாவு அளக்க எடுத்துக்கொண்டாள். அந்த மூடியும் டப்பாவும் பிற்பாடு எந்த வீட்டுக்கு எதைச் சுமந்துகொண்டு போய்த் திரும்பாமல் நின்றுவிட்டன என்று எனக்குத் தெரியாது. அதில் என் பெயர் வெட்டியிருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். அப்பா கல்லைத் தூக்கி வைத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்ச் சிறிது நேரம்தான் ஆகியிருக்கும். நான் உள்ளே படுத்திருந்தேன். கிரைண்டர் ஓடுகிற சத்தம் மாறிப்போய்க் காலியாகச் சுற்றுகிற மாதிரி கேட்டது. அம்மா மாவைத் தள்ளிவிடவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். முக்காலியிலிருந்து சரிந்து சுவரோடு சாய்ந்திருந்தாள்.

எதிர் வீட்டு அத்தை ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்திவிட்டார்கள். அப்பா வந்தார். வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். அதன் பிறகு அங்கிருந்து எழவே இல்லை.

நான் அழவில்லை. எனக்கு ஒரு வேலை இருந்தது. சாமி படத்துக்குக் கீழிருந்து கார்டை எடுத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி பெட்டிக்கடைக்கு ஓடி, ஒரு ரூபாய் போனில் பேசினேன்.

“எங்கம்மா செத்துட்டாங்க. கண்ணு குடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க. வந்து எடுத்துக்குங்க.”

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். “உனக்கு என்ன வயசும்மா?” என்று கேட்டது.

“பதிமூணு.”

“அப்பா, இல்ல வீட்டுப் பெரியவங்க சம்மதம் சொல்லணும்மா. அவுங்கள இந்த நம்பர்ல பேசச் சொல்லு, நாங்க ஒடனே கெளம்பிடுவோம். ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்தாவணும். அதுவரைக்கும் ஃபேன நிறுத்திடு. கண்ணு மேல ஈரப் பஞ்சு வை. தலைக்குத் தலகாணி குடுத்து ஒசத்தி வை. செய்வியாம்மா?”

செய்தேன். ஃபேனை நிறுத்தினேன். பஞ்சை நனைத்து அம்மாவின் இமை மேல் வைத்தேன். என் தலையணையை எடுத்து வந்து அவள் தலைக்குக் கீழே வைத்தேன். அதற்குள் புவனகிரியிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்துவிட்டார்கள். “பொணத்துக்குத் தலகாணி வெப்பாங்களாடி?” என்று பெரியம்மா அதை உருவி மூலையில் போட்டார். “கூட்டம் ஜாஸ்தியா இருக்குது, ஃபேன எவன் நிறுத்தினது?” என்று யாரோ சுவிட்சைத் தட்டினார்கள். ஈரப் பஞ்சைப் பார்த்த பெரியம்மா, “ஐயோ, அம்மாவுக்குக் கண்ணு எரியும்னு பஞ்ச நனைச்சி வெச்சிருக்குதே எம் புள்ள” என்று மார்பில் அடித்துக்கொண்டார். நான் மறுபடி ஃபேனை நிறுத்தினேன். மறுபடி போட்டார்கள்.

பெரியப்பாதான் அங்கே எல்லாவற்றுக்கும் பெரியவர். பந்தல் போடச் சொல்வது, ஆள் விடுவது, எத்தனை மணிக்கு எடுப்பது எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவர் கையைப் பிடித்து, “பெரியப்பா, ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

“சொல்லும்மா.”

“அம்மா கண்ண...”

“பார்த்தேம்மா. தூங்கற மாதிரியே இருக்குது. மகராசி.” என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். “அழுதுடு. அடக்கி வெக்காத. அழுதுடு கண்ணு.” அவர் சட்டையில் ஈரமும் பீடி வாசனையும். விடுவித்துக்கொண்டு வெளியே வருவதற்குள் பந்தல்காரர் வந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. வாசலில் தார்ப்பாய் கட்டினார்கள். சங்கு ஊதுகிறவர் வந்து சேர்ந்தார். சங்கு முடிந்ததும் சேகண்டியை ஓங்கி ஒரு அடி அடித்தார். கணீரென்று கேட்டது, மண்டபத்து மணியைப் போலவே.

நான் அம்மாவின் தலைமாட்டுக்குப் போய் நின்றேன். என்ன பேச வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா பஸ்ஸில் ‘சரி’ என்றாள், கார்டு இதோ, யாராவது போன் பண்ணுங்கள். அவ்வளவுதான் பேச்சு. வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னால் போதும். அப்படிச் சொன்னால்தான் நம்புவார்கள் என்று அம்மாவே எனக்குக் காட்டியிருந்தாள். ஆனால் வாயைத் திறந்தால், “அவையில் வீற்றிருக்கும் ஆன்றோர்களே, சான்றோர்களே” என்று வந்தது.

நிறுத்த முடியவில்லை. வரிக்கு வரி வந்தது. பச்சை மைக் குறி இருந்த இடங்களில் கை தானாக உயர்ந்தது, குரல் தானாக உடைந்தது. சிதம்பரத்தில் மறந்துபோன வரி கூட அன்றைக்கு வந்தது. கூடத்தில் பேச்சு அடங்கியது. வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “போட்டில பேசினத அம்மாவுக்குப் பேசிக் காட்டுது” என்றார் எதிர் வீட்டு அத்தை. அவ்வளவுதான், மொத்த வீடும் உடைந்து அழுதது. ‘தீயிடம் கொடுத்தால் சாம்பல்’ என்ற இடத்தில் பெரியம்மா என் வரியைப் பிடித்துக்கொண்டு, தீயிடம் கொடுக்கப் போறேனே என்று ஒப்பாரியாகவே நீட்டினார். மற்ற பெண்கள் தோள் பிணைத்துக்கொண்டு கூடவே சேர்ந்துகொண்டார்கள். பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். நான் ஒரு அவையை அத்தனை அழ வைத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கண்ணைக் கொடுங்கள் கண்ணைக் கொடுங்கள் என்று ஒரு குழந்தை நின்று கேட்கிறது, அங்கே இருந்த அத்தனை பேரும் கேட்கிறார்கள், ஒருவர் காதிலும் அது விழவில்லை.

“நன்றி, வணக்கம்” என்று முடித்தேன். கையில் கார்டு நனைந்து மெத்தென்று ஆகியிருந்தது. அப்பா தலையைக் குனிந்தபடி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து, “அப்பா, நேரமாவுது” என்றேன்.

அப்பா நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், கையிலிருந்த கார்டைப் பார்த்தார். பிறகு பெரியம்மாவைப் பார்த்து ஏதோ சொல்லி, கையைக் காட்டினார். பெரியம்மா எழுந்து வந்து என்னை அப்படியே தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய்விட்டார். உதைத்தேன், கத்தினேன். புள்ளைக்கு மூளை கலங்கிவிட்டது என்று இரண்டு பேர் என் காலைப் பிடித்துக்கொண்டார்கள். வாயில் சூடான ஹார்லிக்ஸை ஊற்றினார்கள். வெளியே மேளம் ஆரம்பித்தது.

மறுநாள் வீட்டுக்குள் புளித்த வாடை அடித்தது. கிரைண்டரில் மாவு பொங்கி வழிந்து காய்ந்திருந்தது. கல் உள்ளேயே இருந்தது. அப்பா சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு போய் அதன் முன்னால் நின்றார். தூக்காமல் திரும்பி வந்துவிட்டார்.

அதன் பிறகு நான் மேடை ஏறவில்லை. டீச்சர் எத்தனையோ கெஞ்சினார். சொந்தக்காரர் கல்யாணங்களில் மட்டும் பேச்சு என்னைத் துரத்தியது. “உங்கம்மா சாவுல நீ பேசின பேச்சு இன்னும் காதுலயே இருக்குதும்மா” என்று யாராவது வந்து கன்னத்தைத் தடவுவார்கள். எதைப் பற்றிப் பேசினேன் என்று ஒருவரையும் நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லத் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

தானே புயல் அடித்த மறுவருடம் நான் சிதம்பரத்தில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பார்க்க வந்தார். அதே ஓட்டலுக்குத்தான் போனோம். இட்லி வந்தது, கொத்சு வந்தது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தெருவில் மாணவர்கள் ஊர்வலம் ஒன்று அட்டைகளைப் பிடித்துக்கொண்டு கோஷம் போட்டுப் போனது. கண் தானம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பா சாப்பிடுகிற கையை இலையிலேயே வைத்துக்கொண்டு அவர்கள் போய் முடிகிறவரை பார்த்தார்.

“நீ அன்னிக்குக் கேட்டது எனக்குப் புரிஞ்சிச்சு பாப்பா” என்றார்.

நான் இட்லியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

“மொதல்ல புரியல. எல்லாரும் சொன்னாப்புல அவளுக்குப் பேசிக் காட்டறன்னுதான் நெனச்சேன். கடைசியா நேரமாவுதுன்ன பாரு. கோர்ட்டுல தெனம் கேக்கற வார்த்தை. கைல கார்டு வேற. அப்பதான் நீ நெசமா கேக்கறன்னு தெரிஞ்சிச்சு.”

“அம்மா உங்ககிட்ட சொல்லலியா?”

“சொல்லல. கல்லு தூக்கறப்ப ரெண்டு மூணு தடவ என்னமோ சொல்ல வந்தா. அப்புறம் சிரிச்சிட்டு விட்டுட்டா.”

“புரிஞ்சிதான் என்னத் தூக்கிட்டுப் போகச் சொன்னீங்களா?”

“ம்.” இலையை மடித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னார். “இன்னொரு வார்த்தை நீ பேசியிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன். அதான் பயந்துட்டேன். தெனம் ரெண்டு வேளை கல்லு தூக்கி வெப்பேன். அப்பதான் அவ என்னப் பாப்பா. மத்த நேரமெல்லாம் வேலை, மாவு, நீ. அந்தக் கண்ணப் போயி எப்படி பாப்பா எடுத்துக்கச் சொல்றது?”

எனக்குக் கோபம்தான் வந்தது. அது உங்கள் கண் இல்லை, அவளுடையது, அவள் ‘சரி’ என்று சொன்னாள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. எதிரில் பார்த்தேன். கழுவாத கையோடு குனிந்து உட்கார்ந்திருந்தார். இந்த ஆளிடம் இனிமேல் எதை வாதாடி எதை வாங்குவது?

“எனக்கு ஒண்ணு ஆச்சின்னா நீ யாருகிட்டயும் நின்னு பேச வேணாம்” என்றார். “அண்ணங்கிட்ட சொல்லிட்டேன். அண்ணிகிட்ட சொல்லிட்டேன். எதிர் வீட்லயும் சொல்லிட்டேன். நீ போன் மட்டும் பண்ணு.”

கோர்ட் பழக்கத்தில் ஒவ்வொருவரிடமும் மூன்று முறை சொல்லியிருக்கிறார். பெரியம்மா பிறகு அலுத்துக்கொண்டார்.

போன வருடம் அப்பா போய்விட்டார். நான் போன் மட்டும் பண்ணினேன். ஃபேனை நிறுத்தினேன், தலையணை வைத்தேன். யாரும் அதை உருவவில்லை. இரண்டு பேர் ஒரு சின்னப் பெட்டியோடு வந்து, கொஞ்ச நேரத்தில் வேலையை முடித்து, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பெரியப்பா வாசலில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கவில்லை.

இப்போது கடலூர் பஸ்ஸில் யாராவது என்னையே பார்த்தால் அப்பாவாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு வரும். கூச்சத்தோடு சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொள்கிறவர்களாகப் பார்த்து நினைத்துக்கொள்வேன். எப்போதாவது யாராவது நன்றாக, நேருக்கு நேராக முறைப்பார்கள். அது அம்மா இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும், அவர்கள் இறங்குகிறவரை நான் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன்.